அக்கா சொல்லாத வாக்கியம்

இதைப் படிக்கத் தொடங்கிவிட்ட நீங்கள் இந்த வரியிலிருந்து எனக்குச் சாட்சி. நான் சொல்வதற்கெல்லாம் தலையசைக்க வேண்டாம். எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாளை நான் மாற்றிப் பேசினால் எடுத்துக் காட்டுங்கள். மாற்றிப் பேசுவது எனக்கு எளிது. ஒரே தலைப்பைக் காலையில் ஆதரித்தும் மாலையில் எதிர்த்தும் பேசி, இரண்டிலும் பரிசு வாங்கியவன் நான். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கல்லூரி மேடைகளில் என் பெயரை அழைத்ததும் எதிரணியில் இருப்பவர்கள் குறிப்புத் தாளைத் திருத்தத் தொடங்குவார்கள். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைக் கேட்கும் முன், அது எவ்வளவு இருந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். விடுமுறைக்கு அகரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் புதுப்புதுச் சைகைகளைக் கொண்டுவருவாள். வீட்டில் அவற்றைக் கற்றுக்கொண்டவன் நான் மட்டும்தான். அம்மாவுக்குச் சாப்பாடு, தூக்கம், கோபம் ஆகியவற்றைத் தாண்டிக் கை போகாது. அப்பா தோட்டத்திலிருந்து வந்தால் அவள் தலையைத் தடவிவிட்டுப் போவார். அவருக்கும் அவளுக்கும் அதுவே பேச்சு.

சைகை பேசுபவர்களிடையே ஆளுக்கொரு கைப்பெயர் உண்டு. எழுத்துக் கூட்டிப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை அல்லவா? ஆளின் அடையாளம் எதுவோ அதைக் கை ஒருமுறை காட்டும். அக்கா எனக்கு வைத்த கைப்பெயர் இது: குவிந்த விரல்கள் வாயருகே மலர்ந்து, மறுபடி குவிந்து, மறுபடி மலர்ந்து முன்னே போகும். வாயாடி. எனக்கு அது பட்டமாகவே தோன்றியது. அவளுடைய மகளுக்கு வைத்த கைப்பெயர், கன்னக்குழியில் ஊன்றித் திருகும் ஆள்காட்டி விரல். அந்தக் குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் வாய் திறந்து ஒரு சொல் சொல்லும் முன்பே பால் வேண்டும் என்று கையை மூடித் திறந்து கேட்டவள் அவள்.

அக்காவை ஆத்தூர்ப் பக்கம் கொடுத்திருந்தோம். மச்சானுக்குத் தேங்காய் வியாபாரம். காது கேட்கும், பேசுவார், குறை சொல்ல முடியாத சாதாரண மனிதர். சிக்கல் அவருடைய அம்மாவிடமிருந்து தொடங்கியது. குழந்தை சைகை காட்டும்போதெல்லாம் அவர் அந்தச் சின்னக் கையைத் தட்டிவிடுவார். ஊமைப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய பயம். ஒரு நாள் தட்டியது அடியாக விழுந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அகரத்துக்கு வந்துவிட்டாள். குழந்தைக்கு அப்போது நான்கு வயது.

இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவதற்குத் திண்டுக்கல்லில் ஓர் ஆலோசனை மையத்துக்கு அழைத்தார்கள். அக்காவின் பக்கத்தைச் சொல்ல ஒரு சைகைமொழி பெயர்ப்பாளர் வருவார் என்றும் சொன்னார்கள்.

அவரை நான் முன்பே இரண்டு பொதுக்கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அறுபதைக் கடந்தவர். பூவேலை இல்லாத ஒற்றை நிறச் சேலைதான் எப்போதும் உடுத்துவார், கை தெளிவாகத் தெரிவதற்காக. பழனிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருவார். மாவட்டத்தில் காவல் நிலையமோ, மருத்துவமனையோ, பத்திரப் பதிவோ, காது கேளாத ஒருவர் எங்கே நின்றாலும் பக்கத்தில் அவர் நின்றிருக்கிறார். அவருடைய கைப்பெயர், ஒரு கை மற்றொரு மணிக்கட்டிலிருந்து எதையோ உருவுவது. ஏனென்றால் வேலை தொடங்கும் முன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவைப்பார்.

அன்றும் மையத்தின் நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

“மேடம், நான் அவங்க தம்பி. எனக்குச் சைகை நல்லாத் தெரியும். பேசவும் வரும். இன்னைக்கு நானே பேசிக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சரிங்க தம்பி. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க.”

எழுந்து போய் அக்காவிடம் கையால் கேட்டார்: உனக்காக யார் பேச வேண்டும்? அக்கா என்னைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மேடைக்குப் போவதுபோல நின்றிருந்தேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். குவிந்த விரல்கள் வாயருகே மலர்ந்தன. என் கைப்பெயர்.

“பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். தேவைப்பட்டாக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையை அவிழ்த்து, வளையல்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தும்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

உள்ளே ஒரு மேசை. ஆலோசகர் அம்மையார் நடுவில். மச்சானும் அவருடைய அம்மாவும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஆலோசகர் கேட்பதை நான் அக்காவுக்குக் கையால் சொல்ல வேண்டும், அவள் சொல்வதை அவருக்கு வாயால் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் “அவர் சொல்கிறார்” என்று சொல்வதில்லை. கையால் பேசுபவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே “நான்” என்றுதான் சொல்வார்கள். கூட்டங்களில் அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா அப்படிப் பேசியதைக் கேட்டிருந்தேன். அந்த வழக்கத்தை மட்டும் கச்சிதமாகப் பின்பற்றினேன்.

“திரும்ப அந்த வீட்டுக்குப் போக இஷ்டமான்னு கேளுங்க தம்பி” என்றார் ஆலோசகர்.

கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. அவளுடைய கைகள் சொன்னவை மூன்றே செய்திகள். குழந்தை என்னோடு தூங்க வேண்டும். அவள் கையை யாரும் தட்டக் கூடாது. இவ்வளவுக்கும் சம்மதித்தால் இன்றைக்கே வருகிறேன்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. இவ்வளவுதானா? அடித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் இன்றைக்கே வருகிறேன் என்கிறாள். அந்த மாமியார் காலாட்டிக்கொண்டிருந்தார். இந்த மூன்று வரியை அப்படியே சொன்னால் நாங்கள் கெஞ்சியதாக ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. மேடைப் பயிற்சியில் முதலில் பழகுவது இறுதி வரியை எப்படி உயர்த்துவது என்பதைத்தான். எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி என்னால் பேச முடியாது.

பெண்ணின் கண்ணீரைப் பற்றிப் பேசினேன். மொழியைப் பறிப்பது மூச்சைப் பறிப்பது என்றேன். பேச்சு ஏறிக்கொண்டே போனது. உச்சியில் வைத்து முடித்தேன்: “நானும் என் மகளும் கிணற்றில் விழுந்தாலும் விழுவோமே ஒழிய, இனி அந்த வாசலை மிதிக்க மாட்டோம்!”

அறையில் ஓர் அமைதி விழுந்தது. மேடையில் அப்படி விழுந்தால் வென்றுவிட்டோம் என்று பொருள். ஆலோசகரின் பேனா மட்டும் ஓடியது. அக்கா என் முழங்கையைத் தொட்டு, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்று கையசைத்தேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். அக்காவுக்கு எழுத்துத் தமிழ் மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரமாகும். நான் படித்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் நான் படிக்கவில்லை. என் பேச்சை எனக்கே படித்துக் காட்ட வேண்டுமா என்ன? அவள் கையெழுத்திட்டாள். வெளியே வந்தபோது அந்த அம்மா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

பிறகு நடந்தது ஒவ்வொன்றும் அந்த ஒரு வரியிலிருந்து கிளம்பியது. மச்சான் வீட்டார் குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். கிணற்றில் விழுவேன் என்று தாயே வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள், அவளிடம் குழந்தையை எப்படி விடுவது என்று அவர்களின் வழக்கறிஞர் கேட்டார். தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் தாயின் வாக்குமூலத்தை மறுபடி பதிவுசெய்யும் வரை குழந்தை தந்தையிடம் இருக்கட்டும், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தாய் பார்க்கலாம் என்று உத்தரவானது. அந்த வாக்குமூலத் தாளைப் பார்த்தால் தவறான உத்தரவு என்று நானும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வழக்கறிஞர் அம்மையார் அந்த வரியில் விரலை வைத்து என்னைக் கேட்டார். “உங்கக்கா நெசமாவே இப்படியா சொன்னாங்க? பக்கத்துல இருந்தது நீங்கதான?”

“கோவத்துல சொல்லியிருப்பா மேடம்” என்றேன்.

வாய் தவறி வந்த பதில் அல்ல. சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். பொய்யாக மொழிபெயர்த்தவன் என்று என் பெயர் ஒரு நீதிமன்றத் தாளில் ஏறுவதை நான் ஒரு நொடியில் கண்ணால் பார்த்துவிட்டேன். அன்று மாலை அக்கா என்னிடம் ஏன் என்று கேட்டாள். ஒரே சைகை, புருவம் சுருங்கும், கை திரும்பும். காது கேளாதவள் குழந்தையை வளர்க்க முடியாது என்று நினைக்கிறார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் அதை நம்பினாள். அவளுக்கு அது புதிய செய்தி அல்லவே.

தாடிக்கொம்பில் கோயிலுக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைக் கூட்டிவருவார்கள். முதல் வாரம் அவள் ஓடிவந்து அம்மாவின் மடியில் ஏறி, சேலைக்குள் கையை மறைத்துக்கொண்டு சைகையில் பேசினாள். மூன்றாவது வாரம் விரல்கள் தடுமாறின. அதற்கு எத்தனையோ வாரங்கள் கழித்து ஒருநாள் அக்கா அவள் கன்னக்குழியைத் தொட்டுக் கைப்பெயரால் அழைத்தபோது, குழந்தை திரும்பி என்னைப் பார்த்தாள்.

“மாமா, எனக்கு ஐஸ் வேணும்னு அம்மாட்ட சொல்லு.”

“நீயே சொல்லு அப்பு. கையால சொல்லு.”

“மாட்டேன். கைய ஆட்டுனா அப்பத்தா அடிக்கும்.”

அக்கா எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை என்ன கேட்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். ஐஸ் என்றேன். அக்கா வாங்கிவர எழுந்தாள். எந்த நிறம் வேண்டும் என்று கேட்டுச் சொல்லவும் என்னையே பார்த்தாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவே நான் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். அந்த வேலையை நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன்.

திரும்பும் பேருந்தில் அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வாக்குமூலத்தை மறுபடி பதிவுசெய்ய, வளையல் கழற்றும் அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவைத்தான் போய்க் கேட்டோம். நடைக்கூடத்தில் நடந்ததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “வாய்தாத் தேதி மட்டும் சொல்லுங்க, வந்துடறனுங்க” என்றார். தேதி வருவதற்குள் இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவர் வீட்டுக்குப் போனோம். உள்ளே உறவினர்கள் அழும் சத்தம். வெளியே தெருவை நிறைத்து நின்ற கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. தையல்காரர்கள், பேக்கரியில் வேலை செய்பவர்கள், பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், நூற்பாலைப் பெண்கள். எல்லாரும் ஒரு கையால் மறு மணிக்கட்டிலிருந்து வளையலை உருவிக்கொண்டே இருந்தார்கள். அவர் பெயர் அது.

அவருக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் யாரும் கிடைக்கவில்லை. மதுரையில் ஒருவர் இருந்தார். வேலை நாட்களில் அவரை அந்த ஊரே பங்கு போட்டுக்கொண்டது. ஒரு வாய்தாவுக்கு அவர் வர முடியவில்லை. அடுத்ததற்கும் முடியவில்லை. மூன்றாவதும் தள்ளிவைக்கப்பட்ட நாளில், அம்மா என் பரிசுக் கோப்பைகள் இருந்த அலமாரியின் முன் நின்றாள்.

“ஏலே, அம்புட்டுப் பேச்சுப் பேசுற. ஊரே வாயப் பொளந்து கேக்குது. ஒரு சட்ஜி முன்னாடி பேசி ஒரு புள்ளைய வாங்கிட்டு வர முடியலையா ஒன்னால?”

“அது அப்படி இல்லம்மா. தம்பி பேசுனா ஏத்துக்க மாட்டாங்க. படிச்சவங்கதான் சொல்லணும்.”

“அப்ப நீ படிச்சதெல்லாம் என்னத்துக்கு? தூசி தொடைக்க எனக்குத்தான் முதுகு வலிக்குது” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றியது. திண்டுக்கல்லில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவர், காது கேளாதவர், சுவரோரம் நின்று சைகையில் அறிவித்திருந்தார். மறைந்த அம்மாவின் நினைவாக, அவரால் பேச்சுப் பெற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் உதவித்தொகை தொடங்குகிறோம். சைகைமொழி பெயர்ப்புப் படிக்க விரும்பும் ஒருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துப் படிக்கவைப்போம். படித்து முடித்தவர் இந்த மாவட்டத்துக்கே திரும்பி வர வேண்டும். யார் தகுதி என்பதை நாங்கள்தான் பார்ப்போம்.

நான் விண்ணப்பித்தேன். அதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம் உயர்ந்தது: இனி எந்த அக்காவுக்கும் இப்படி நேரக் கூடாது. உங்களிடம் மறைக்க முடியாது என்பதால் மற்றதையும் எழுதுகிறேன். நான் படித்து முடிப்பதற்குள் குழந்தைக்கு ஆறு வயது தாண்டியிருக்கும். படித்த பிறகும் என் அக்காவின் வழக்கில் நான் பேச முடியாது. அந்தப் படிப்பால் எங்கள் வழக்குக்கு எள்ளளவும் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வரியை என்னுடையது என்று ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, இரண்டு ஆண்டுகள் உழைத்துவிடத் தயாராக இருந்தேன். அவ்வளவுதான்.

நிகழ்ச்சி ஒரு பள்ளிக் கூட்டரங்கில், ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பார்க்க விடவில்லை. மேடையில் அந்த அம்மாவின் படம். பேச்சின் நடுவே எடுத்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன் உயர்ந்திருந்தன. கை மறைந்துவிடும் என்று மாலையைப் படத்துக்குச் சூட்டாமல் கீழே வைத்திருந்தார்கள். கூட்டத்தைத் தொடங்க விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டார்கள். எல்லாரும் திரும்பினார்கள்.

தேர்வு இப்படி. காது கேளாத ஒருவர் மேடையில் நின்று தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைக் கையால் சொல்வார். போட்டியாளர் அதை உடனுக்குடன் வாயால் சொல்ல வேண்டும். மதுரை மொழிபெயர்ப்பாளர், சொல்பவரைப் பார்க்காதபடி முதுகைக் காட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். போட்டியாளரின் குரலை மட்டும் கேட்டு, எதிரே நிற்கும், முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியை நோக்கி அதைத் திரும்பவும் சைகையாக்குவார். மேடையில் நிற்பவர் கண்ணாடியில் அதைப் பார்த்து, நான் சொன்னது இதுதான், இது இல்லை என்று தலையசைப்பார். தான் சொன்னது என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று தானே பார்ப்பது. ஆலோசனை மையத்து அறையில் அப்படியொரு கண்ணாடி இருந்திருந்தால் என்று நினைப்பதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள். நான்தான் முதல் ஆள்.

மேடையில் நின்றவள் என் அக்கா.

அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வியப்பாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது. அவள் தொடங்கினாள்: நான் தையல் வேலை செய்கிறேன்.

“ஊசியும் நூலுமே என் உலகம்” என்றேன். நினைத்துச் சொல்லவில்லை. மைக் கையில் இருந்தது, எதிரே கூட்டம் இருந்தது, வந்துவிட்டது.

மதுரைக்காரர் கண்ணாடியில் அதைச் சைகையாக்கினார். ஊசி, நூல், உலகம். அக்கா அதைப் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள். மறுபடியும் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: நான் தையல் வேலை செய்கிறேன். “நான் தையல் வேலை செய்கிறேன்” என்றேன். அவள் சரி என்றாள். ஆனால் அவள் கண் கண்ணாடியை விட்டு என் வாய்க்கு வந்து, அங்கேயே நின்றது. சிரிப்பு போய்விட்டிருந்தது.

அதன்பின் அவள் சொல்லச் சொல்ல ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன்: ஒருநாள் ஒரு அறையில் மூன்று செய்திகள் சொன்னேன். குழந்தை என்னோடு தூங்க வேண்டும். அவள் கையைத் தட்டக் கூடாது. சம்மதித்தால் இன்றைக்கே வருகிறேன். ஆனால் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அடுத்து அவள் தன் கைகளைத் தூக்கிக் காட்டினாள். என் கை தெளிவாகப் பேசவில்லையோ?

என் முறை. அதை “என் கை” என்று, என் வாயால், சொல்ல வேண்டும். வாய் திறந்தது. ஏழு நிமிடப் பேச்சை ஒரு மூச்சில் இழுப்பவனுக்கு நான்கு சொற்கள் வரவில்லை. மதுரைக்காரர் கைகளை அந்தரத்தில் வைத்துக் காத்திருந்தார். கண்ணாடியில் ஒன்றும் அசையவில்லை. தையற்கடைக்காரர் கையை உயர்த்தி, போதும் என்றார். நடுவில் நின்றுபோவது இந்த வேலையில் மன்னிக்கப்படுவதில்லை.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவதாக வந்த இளைஞன் பாதியைத் தவறவிட்டான். மூன்றாவது ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஒரு பெண். அவளுடைய பெற்றோர் இருவருமே காது கேளாதவர்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள். மேடை ஏறும்போது, “மைக்க கொஞ்சம் எறக்கித் தாங்க, எனக்கு எட்டலீங்க” என்று சிரித்தாள். அக்கா அதே கதையை மறுபடி தொடங்கியதும் அந்தப் பெண்ணின் பேச்சிலிருந்த “ங்க” எல்லாம் உதிர்ந்துபோனது. அக்காவின் கையில் அது இல்லை, அதனால் அவள் வாயிலும் இல்லை. ஏற்றமோ இறக்கமோ இல்லாத குரல். பேச்சுப் போட்டியில் அப்படிப் பேசியிருந்தால் அவளை நான் முதல் சுற்றிலேயே தோற்கடித்திருப்பேன். அந்தக் குரலில்தான் நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு அக்கா சொன்னதைக் கேட்டேன்.

“என் கை தெளிவாப் பேசலையோ என்னவோ. அன்னைக்கு அந்த அம்மா வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. நான் எந்திரிச்சுப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். என் தம்பிக்கு அன்னைக்குப் பேசணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு. அவன் மனசு கஷ்டப்படும்னு கூப்பிடல. இப்ப அந்த அம்மா இல்ல. நீங்க யாராவது நல்லாப் படிச்சுட்டு வாங்க. என் மக என் கையை மறந்துக்கிட்டிருக்கா.”

கண்ணாடியைப் பார்த்து அக்கா ஒவ்வொரு வரிக்கும் சரி, சரி என்று தலையசைத்தாள். அரங்கம் முழுக்கக் கைகள் உயர்ந்து விரல்கள் அசைந்தன. அவர்களுடைய கைதட்டல் அது. உதவித்தொகை அந்தப் பெண்ணுக்கே என்று அறிவித்தார்கள். யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, எனக்கும்.

வெளியே சைக்கிள் நிறுத்தும் கூரைக்குக் கீழே அக்கா என்னைத் தேடி வந்தாள். அரங்கில் உட்கார்ந்து பார்த்த எங்கள் அம்மாவும் பின்னால் வந்தாள். அக்கா என் கைப்பெயரைச் சொல்லி அழைக்கவில்லை. தோளைத் தட்டித் திருப்பினாள்.

ஊசி, நூல், உலகம் என்று கையால் காட்டிவிட்டு, தொடர்ந்து சொன்னாள்: நான் அதைச் சொல்லவில்லை. நீ சொன்னாய். அன்றைக்கும் அந்த அறையில் இப்படி ஏதாவது சொன்னாயா?

சொன்னேன் என்றேன்.

என்ன சொன்னாய்? காட்டு.

அந்த வாக்கியத்தை முதன்முறையாகக் கையால் சொன்னேன். வாயில் அது உச்சியாக இருந்தது. கையில் அது வெறும் கிணறு, குழந்தை, விழுவது. என் மேடை அலங்காரம் கைக்கு வரவில்லை. அக்கா பின்னால் ஓரடி வைத்தாள். தன் கைகளைப் பார்த்தாள், ஒரு தடவை அல்ல, பல தடவை. பிறகு கன்னக்குழியில் விரலை ஊன்றித் திருகி, கிணற்றைக் காட்டி, என்னைப் பார்த்தாள். என் மகளையா? என் கையிலிருந்தா?

“என்னலே சொல்றா? ஏண்டா அழுகுறா? மேடையில நல்லாத்தானடா பேசுனா” என்று அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

மன்னித்துவிடு என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். கையால் நீ எத்தனை மன்னிப்பு வேண்டுமானாலும் கேட்பாய், அது நம் இருவருக்குள் நின்றுவிடும் என்றாள். அன்றைக்கு வாயால்தானே சொன்னாய்? இப்போதும் வாயால் சொல். அம்மாவுக்குக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

அவள் உள்ளே போய் ஒட்டன்சத்திரத்துப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். என் எதிரே அக்கா நின்றாள். என் பக்கத்தில் அந்தப் பெண்ணை நிறுத்தினாள். நான் சொல்வதை அவள் சைகையாக்க வேண்டும், நான் அல்ல. அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, “சொல்லுங்கண்ணா” என்றாள். அரங்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள் நின்றார்கள். தையற்கடைக்காரரும் நின்றார்.

அக்காவின் வாக்குமூலத்தை எடுக்க இன்னும் ஆள் கிடைத்தபாடில்லை. குழந்தை இன்னும் ஆத்தூரில்தான் இருக்கிறாள். நான் அன்று சொன்னதால் அதில் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் சொன்னேன், இருபது பேருக்கு மேல் கேட்டார்கள், இப்போது நீங்களும் கேட்கிறீர்கள். நின்றபடி சொன்னேன், எந்த இடத்திலும் குரலை உயர்த்தாமல், அந்தப் பெண்ணின் கை என்னோடு கூடவே வரும்படி மெதுவாக:

“அம்மா, கேட்டுக்க. கெணத்துல விழுவேன்னு அக்கா சொல்லல. நான் சொன்னேன். வர்ற வாய்தாவுல நான் கூண்டுல ஏறி, அந்த வரி என்னோடதுன்னு சொல்லுவேன். எம்மேல கேசு போட்டாலும் சொல்லுவேன். படிப்பு போனாலும் சொல்லுவேன். அவ சொன்னது மூணே மூணு. புள்ளை என்னோட தூங்கணும். அவ கைய யாரும் தட்டக் கூடாது. அதுக்குச் சம்மதிச்சா இன்னைக்கே வாரேன். இதை மட்டும் சொல்லிட்டு எறங்கிடுவேன்.”